மயில் மேல் வருகிற சாமி

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் ஒரு குரு இருந்தார் என்று சொன்னால் பெனிட்டா சிஸ்டரே சிரித்துவிடுவார். அவருக்கு வயது முப்பத்துமூன்று. அவரிடம் வேலை பழக வந்த மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தாறு.

தனியார் மருத்துவமனைகளில் இருபது வருடம் ஊசி போட்ட கை மங்கையுடையது. அரசு வேலை இப்போதுதான் கிடைத்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பெனிட்டா கையெழுத்துப் போட்டால்தான் அது நிலைக்கும்.

மங்கை எந்தக் கட்டிலுக்குப் போனாலும் பின்னால் பெனிட்டா வந்து நிற்பார். கேட்பது ஒரே கேள்வி.

“யார் இது?”

“ஏழாம் நம்பர் கட்டில், மேடம்.”

“கட்டிலைக் கேக்கலை அக்கா. யார் இது?”

பேரைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம். அதே ஆள், அதே மாத்திரை, அதே கேள்வி. சில நாள் போகிற போக்கில் ஒரு பச்சை நோட்டில் ஏதோ எழுதுவார்.

அந்த நோட்டுதான் மங்கையின் நிம்மதியைக் கெடுத்தது. என்ன எழுதுகிறாள் இவள்? யாரிடம் காட்டுவதற்கு? எழுதும்போது ஏன் நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும்? பெனிட்டா டீ வாங்கிக் கொடுத்தால்கூட, எதற்கு இந்த டீ என்றுதான் மங்கைக்குத் தோன்றியது.

மூன்றாம் வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

“எம்மேல என்ன சந்தேகம் மேடம் உங்களுக்கு?”

“உங்க மேல இல்லை.”

“பின்ன அந்த நோட்டுல யாரைப் பத்தி எழுதுறீங்க?”

“நீங்க அதுல ஒரு பக்கம் எழுதுங்க. அப்புறம் முழுசும் படிக்கலாம். இந்த வார்டுல எல்லாருக்கும் அப்படித்தான்.”

“நான் என்னத்த எழுத?”

“எழுதறதுக்கு ஒண்ணு வரும்.”

இதையும் மங்கை மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை மதியம் ரத்த வங்கியிலிருந்து ஒரு பை வந்தது. வேலாயுதம், ஒன்பதாம் கட்டில், பி பாசிட்டிவ். ரத்தம் ஏற்றுமுன் இரண்டு பேர் நின்று சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பெனிட்டா சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் இந்த ஒரு வேலையையாவது தனியாக முடித்துக்காட்ட வேண்டும் என்று மங்கைக்கு வீம்பு வந்தது.

கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின. படுத்திருந்தவர் வலி மருந்தின் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் ஒட்டியிருந்த பேர்ச் சீட்டு வேர்வையில் அழிந்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

“உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?”

அந்தம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். “அவுக பேரை நான் எப்படிச் சொல்ல நர்சம்மா?”

“சொல்லணும்மா.”

“மயில் மேல வருமே, அந்தச் சாமி பேருதான்.”

மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளே தன் கணவர் பேரை வாயால் சொல்லி வருஷக்கணக்காகிறது. மயில் மேல் வருகிறவர் கையில் வேல் இல்லாமலா இருக்கும்? பையைத் தொங்கவிட்டாள். குழாயை இணைக்கப் போனாள்.

“யார் இது?”

பெனிட்டா பின்னால் நின்றார். சாப்பிட்டுக் கழுவிய கையின் ஈரம்கூடக் காயவில்லை.

மங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டே கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னாள்.

“வேலாயுதம்! போதுமா?”

ஸ்டூலில் இருந்த அம்மா பதறி எழுந்தார். “ஐயோ, இவுக அவரில்லை நர்சம்மா! வேலாயுதண்ணன் அந்தா, அங்கன படுத்திருக்காரு. எங்க கட்டிலுக்கு மேல ஃபேன் சுத்தலைன்னு காலையில இடம் மாத்திக் குடுத்தாரு.”

“அப்ப இவர் பேரு?”

“அதே சாமிதான். முகம் மட்டும் ஆறு.”

பெனிட்டா போய், வேலாயுதம் படுத்திருந்த பதினொன்றாம் கட்டிலின் கேஸ் ஷீட்டை எடுத்து வந்தார். ஆறுமுகம். ஓ பாசிட்டிவ்.

மங்கை தொங்கவிட்ட பையை அவசரமாகக் கழற்றினாள். ஓ ரத்தக்காரர் உடம்பில் பி ரத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பெனிட்டா திட்டவில்லை. அதுதான் மங்கைக்கு இன்னும் பயமாக இருந்தது. இருவரும் நின்று பார்த்து, பையை உரியவருக்கு ஏற்றினார்கள். பிறகு பெனிட்டா பச்சை நோட்டையும் பேனாவையும் மேஜையில் வைத்தார்.

“எழுதுங்க அக்கா.”

இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாளா? என் கையாலேயே என் வேலைக்கு உலை வைக்கச் சொல்கிறாளா? மங்கை பேனாவைத் தொடவில்லை.

“எழுதினா எனக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?”

“எழுதலைன்னா போட மாட்டேன்.”

எழுதினாள். மயிலையும் ஃபேனையும் விடாமல் எழுதினாள். ‘தனியாகச் செய்தேன்’ என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அதையும் எழுதினாள்.

“இப்பப் படிங்க.”

மங்கை தன் பேரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருத்தர் தன் தப்பைத் தானே எழுதியிருந்தார். முக்கால்வாசி பெனிட்டாவுடையது. மங்கையின் பேர் ஒரே இடத்தில் இருந்தது. ‘டிரிப்பின் வேகத்தைப் பார்க்க மறந்தேன். மங்கை அக்கா கவனித்துக் குறைத்தார்.’

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. முதல் பக்கத்துக்குப் போனாள். அதுவும் பெனிட்டாவின் எழுத்துதான். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி.

‘ஆள் மாறி ரத்தம் ஏற்றினேன். நோயாளிக்கு இருபத்திரண்டு நாள் டயாலிசிஸ். பிழைத்தார்.’

மங்கை அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அன்னைக்கு ‘யார் இது’ன்னு உங்களை யாருமே கேக்கலையா மேடம்?”

“எம்மேல யாருக்கும் சந்தேகமே வரலை அக்கா.”