ஆட்காட்டிக்குக் குரல் வந்த கதை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், கருந்திட்டு என்றொரு சின்னத் தீவு இருந்தது. வடகரையில் மீன்பிடிப்பவர்கள், தென்மேட்டில் வரகு விதைப்பவர்கள். தென்மேட்டு ஆடுகள் வடகரை வலைகளைக் கடித்துக் குதறின. வடகரையார் மீன் கழுவிய உப்புத்தண்ணீரை வரகுக் கொல்லையில் கொட்டினார்கள். வாய்ச்சண்டை முற்றி, தீவின் குறுக்கே முள்வேலி எழுந்தது. தாண்டிப் போனவரைச் சொந்த ஊரே ஒதுக்கிவைத்தது.

வேலியோரப் பொட்டலில் நெட்டைக்கால் குருவி ஒன்று முட்டையிட்டிருந்தது. அப்போதெல்லாம் அந்தக் குருவி வாயே திறக்காது. கூழாங்கல் போலிருக்கும் முட்டைகளைக் காக்க அந்த மௌனம் ஒன்றுதான் அதற்குத் துணை.

ஒரு பஞ்சகாலத்துப் பகலில், தென்மேட்டுப் பெண் மாதுமை முட்டை தேடி அங்கே வந்தாள். குருவி மூச்சடக்கிக் கிடந்தது. அவள் கால் மிக அருகில் பதிந்து கடந்தது. தப்பித்தோம் என்று தலை தூக்கியபோதுதான், வேலிக்கு அப்பால் கடல் கரையேறி ஊருக்குள் புகுவதைக் குருவி கண்டது. வடகரை ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். குடிசைகளில் பிள்ளைகளும் முதியவர்களும்தான்.

குருவி முட்டைகளைப் பார்த்தது. பிறகு எழும்பிப் பறந்து, முதல் தடவையாகக் கத்தியது.

"ஆள்! ஆள்! தண்ணிக்குள்ள ஆள்!"

மாதுமை திரும்பினாள். குருவி எழும்பிய இடத்தில் நான்கு முட்டைகள். அவள் குனியவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து குழந்தைகள் வீறிடும் சத்தம் வந்தது. முள்ளை வெறுங்கையால் பிடித்து இழுத்தாள்.

அவள் கணவன் கொற்றன் ஓடிவந்தான். "யாரைக் கேட்டு வேலியில கை வச்சே? ஊர் நம்மைச் சும்மா விடுமா?"

"அந்த அழுகை உன் காதுல விழலையா?" என்றாள். கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

கொற்றன் அவள் கையைப் பார்த்தான். பிறகு அரிவாளை எடுத்து முள்ளை வெட்டினான். குருவியின் கத்தல் கேட்டு வந்த ஊராரும் கைகொடுத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எல்லோரையும் மேட்டில் ஏற்றினார்கள்.

மாலையில் படகுகள் திரும்பியபோது வடகரையில் குடிசை ஒன்றுமில்லை. கதறிக்கொண்டு மேட்டுக்கு ஓடிய ஆண்கள், தங்கள் பிள்ளைகள் வரகுக் கஞ்சி குடிப்பதைக் கண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இனி உங்க ஆடு கடிக்க எங்ககிட்ட வலையும் இல்லை" என்றாள் வடகரைக் கிழவி நீலாயி. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது.

மாதுமை பொட்டலுக்கு ஓடினாள். அத்தனை கால்களும் மிதித்த இடத்தில் ஒரு முட்டை உடைந்திருந்தது.

"எங்களால உனக்கு நஷ்டம்" என்றாள்.

"மூணு இருக்கு. ஆனா திறந்த வாயை இனி மூட முடியலையே. யாராவது வந்தா கத்தி முட்டை இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துடுவேனே!" என்றது குருவி.

"நீ பாட்டுக்குக் கத்து. உன் சத்தம் கேட்டா விலகி நடக்கிறது எங்க பொறுப்பு" என்றாள் மாதுமை. இரண்டு ஊரும் அதற்குத் தலையாட்டின.

வேலியை மறுபடி யாரும் கட்டவில்லை. ஆளைக் கண்டால் அந்தக் குருவி ஓயாமல் கத்துவதும், அதற்கு ஆட்காட்டி என்று பேர் விழுந்ததும், கருந்திட்டுக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்ட இடத்தில் காலடி பார்த்துச் சுற்றிப் போவதும் அன்று தொடங்கியவைதான்.