மொச்சை எப்போது கூப்பிடுவாள்?

ஒரு காட்டில், பாறைகள் உருண்டு கிடக்கும் மலைச்சரிவில், காரி என்றொரு தாய்க்கரடி இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு குட்டி. பிறந்தபோது உருண்டையாக, வழுவழுவென்று இருந்ததால் அதற்கு மொச்சை என்று பேர் வைத்தாள்.

கரடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, தெரியுமா குழந்தைகளே? குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் தாய் இரை தேடப் போகும். மொச்சையும் காரியின் முதுகு மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காடு முழுக்கச் சவாரி போவாள். காரி சும்மா நடக்க மாட்டாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடப்பாள்.

"இதோ பாரு, புத்து! உள்ளே கறையான் இருக்கு. முதல்ல மண்ணை ஊதணும். ஃபூ! அப்புறம் உறிஞ்சணும். உர்ர்ர்! மூக்கை மூடிக்கோடி, இல்லேன்னா உள்ளே போய்க் கடிச்சிடும்."

மொச்சை ஒன்றும் சொல்ல மாட்டாள். காதை மட்டும் ஆட்டுவாள்.

காரிக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. மொச்சை வாய் திறந்து "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். அதைக் கேட்க அவள் ஏங்கிக் கிடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஓர் இலை அசைந்தால்கூட, 'கூப்பிட்டாளோ?' என்று அப்படியே நின்றுவிடுவாள். மொச்சை கொட்டாவி விட்டிருப்பாள். காரி பெருமூச்சு விட்டு மறுபடி நடப்பாள்.

ஒரு நாள் ஓடைக்கரையில் புள்ளி என்ற பெண்மானைப் பார்த்தாள். பீற்றிக்கொள்வதில் புள்ளியை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

"என்ன காரி, உன் பொண்ணு இன்னும் முதுகுலயேதான் உட்கார்ந்திருக்காளா?" என்று கேட்டாள் புள்ளி.

"ஆமா புள்ளி. சின்னவதானே."

"என் பையன் பொறந்த அன்னைக்கே எழுந்து நின்னுட்டான். மறுநாளே துள்ளிக் குதிச்சான். சரி, இவ பேசவாவது பேசுறாளா?"

"இன்னும் இல்லை."

"இன்னுமா!" புள்ளி கண்ணை அகல விரித்தாள். "எனக்கென்ன வந்தது, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இலவ மரத்து மைனா வாத்தியார்கிட்டக் கொண்டு போய் விடு. குட்டிங்க எப்போ எது கத்துக்கணும்னு அவருக்கு அத்துப்படி."

மான்குட்டி வேறு, கரடிக்குட்டி வேறு என்று காரி சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பற்றி யார் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னாலும் தாய் மனசு கேட்காதே, என்ன செய்ய? நேரே இலவ மரத்துக்கு நடந்தாள்.

மைனா வாத்தியார் மொச்சையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏறத் தெரியுமா?"

"என் முதுகுல ஏறுவா, ஐயா."

"அதெல்லாம் ஏறுறதுல சேர்த்தி இல்லை. பழங்களோட பேரைச் சொல்வாளா?"

"தின்பா, ஐயா."

"தின்னா போதுமா? முதல்ல கீழே இறக்கு. முதுகுல சுமந்து, தொணதொணன்னு பேசிப் பேசியே பிள்ளையைக் கெடுத்து வெச்சிருக்கே. இங்கே ஒரே சட்டம்தான். நான் கிளையைக் கொத்தினா வாயைத் திறக்கணும். மத்த நேரம் மூடிக்கிட்டு இருக்கணும்."

"அம்மான்னு கூப்பிடுவாளா, ஐயா?" என்று கேட்டாள் காரி.

"மழை வர்றதுக்குள்ள கூப்பிட வெக்கிறேன். நீ வேலையைப் பாரு."

காரி முதுகைத் தாழ்த்தினாள். மொச்சை இறங்கவில்லை. மெல்லப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இழுத்த பிறகு பார்த்தால், அவளுடைய இரண்டு பிடியிலும் காரியின் கறுப்பு மயிர் கொத்தாக இருந்தது.

அன்றிலிருந்து காரி தனியாகவே இரை தேடினாள். முதுகு லேசாக இருந்தது. பாறை ஏறுவது சுலபமாக இருந்தது. ஆனால் அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவே இல்லை. புற்றைக் கண்டதும் பழக்கதோஷத்தில், "இதோ பாரு மொச்சை..." என்று தலையைத் திருப்புவாள். முதுகில் வெயில் மட்டும் இருக்கும். அதன் பிறகு ஊதவும் மனம் வராது, உறிஞ்சவும் மனம் வராது. இலவ மரம் இருக்கும் திசையைப் பார்த்தபடி சற்று நேரம் நிற்பாள்.

சாயங்காலம் மொச்சையைக் கூட்டிவந்தால், பேசிப் பேசியே கெடுக்கிறாய் என்று வாத்தியார் சொல்லியிருந்ததால் காரி பழையபடி பேச மாட்டாள். மாறாக, ஒரு பழத்தை எடுத்து நீட்டி, "இது என்ன?" என்பாள். இன்னொன்றை நீட்டி, "இது என்ன?" என்பாள். மொச்சை தூங்கிவிடுவாள். தூங்கும் குட்டியின் காதருகே, "அம்மா சொல்லுடி கண்ணு" என்று கிசுகிசுப்பாள் காரி. அதற்குப் பதில் வராது என்று அவளுக்கே தெரியும்.

வானத்தில் மேகம் கட்டத் தொடங்கியபோது மைனா வாத்தியார் சொல்லி அனுப்பினார். காரி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

வாத்தியார் கிளையைக் கொத்தினார். "டொக்!"

"இலந்தை" என்றாள் மொச்சை.

"டொக்!"

"நாவல்."

"டொக்!"

"அம்மா."

காரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முன்னால் பாய்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள், மொச்சை தன்னைப் பார்க்கவில்லை. இலவ மரத்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலும் அவளுடையதாக இல்லை. கீச்சென்று, அச்சு அசலாக மைனாவின் குரல்.

"பாத்தியா, சொல்லிட்டா!" என்று சிறகைத் தட்டிக்கொண்டார் வாத்தியார்.

"சொன்னா, ஐயா. ஆனா என்னைக் கூப்பிடலையே" என்றாள் காரி.

"சொன்னா என்ன, கூப்பிட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்கும் கொண்டு வா."

காரிக்கு எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. மறுநாளும் கொண்டு போய் விட்டாள். மனசுக்குள் ஏதோ உடைந்துபோயிருந்தது.

அன்று பிற்பகல் மழை கொட்டித் தீர்த்தது. இடி இடித்ததும் மைனா வாத்தியார் முதல் ஆளாகப் பறந்துபோனார். அவரிடம் படித்த மற்றக் குட்டிகள் சிதறி ஓடின. காரி நனைந்துகொண்டே வந்து சேர்ந்தபோது மரத்தடியில் யாருமே இல்லை. சேற்றில் சின்னஞ்சிறு கால் தடங்கள் பாறைகளை நோக்கிப் போய், மழைநீரில் அழிந்திருந்தன.

"மொச்சை!" என்று கத்தினாள். "மொச்சை! எங்கேடி இருக்கே?"

பாறைகள் பேசாமல் இருந்தன.

மொச்சை வெகு தூரம் போயிருக்கவில்லை. அந்தப் பாறைகளுக்கு நடுவே, ஓர் இடுக்கில் சுருண்டு கிடந்தாள். கூப்பிடும் குரல் அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனால் யாரும் கிளையைக் கொத்தவில்லையே! வாய் திறக்கலாமா, கூடாதா என்று அந்தப் பிஞ்சுக்குத் தெரியவில்லை. மூடிக்கொண்டு நடுங்கினாள்.

மழை விட்டது. பொழுது சாய ஆரம்பித்தது. இருட்டினால் அந்தப் பக்கம் சிறுத்தை இறங்கும். காரி ஒவ்வொரு பாறையாக மோப்பம் பிடித்தாள். மழை எல்லா வாசனையையும் கழுவிவிட்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், ஒரு புற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புற்றிலிருந்து ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. மொச்சைக்கு அது எவ்வளவு பிடிக்கும்! காரிக்கு அழுகை வந்தது. யோசித்துச் செய்யவில்லை. கை பாட்டுக்குப் புற்றைக் கிளறியது, வாய் பாட்டுக்குப் பேசியது.

"இதோ பாரு, புத்து. முதல்ல மண்ணை ஊதணும். ஃபூ!"

காற்று நின்றிருந்தது. பாறைகளுக்குள் எங்கிருந்தோ ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"ஃபூ."

காரி மூச்சை அடக்கிக்கொண்டாள். மறுபடி ஊதினாள். "ஃபூ!"

"ஃபூ" என்றது பாறை. பிறகு, தட்டுத்தடுமாறி, "உர்ர்ர்" என்றது.

காரி ஓடினாள். ஊதிக்கொண்டே ஓடினாள், பதில் வரும் பக்கமெல்லாம் திரும்பினாள். இடுக்கில் கையை விட்டுத் துழாவியபோது ஈரமான ஒரு மூக்கு உள்ளங்கையில் இடித்தது. அந்த மூக்கு மூடியிருந்தது. கறையான் கடித்துவிடுமே என்று கெட்டியாக மூடியிருந்தது!

வெளியே இழுத்து எடுத்ததும் மொச்சை தாயின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ம்மா" என்றாள்.

கரகரவென்று, மூக்கடைத்த குரல். மைனாவுடையது இல்லை. காரியின் குரலே குட்டியாகித் திரும்பி வந்தது போல இருந்தது. காரி வாய்விட்டு அழுதாள். மொச்சை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. யாரும் சொல்லாமலே முழங்காலைப் பிடித்து, தோளைப் பிடித்து, ஏறி முதுகில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் காலையில் ஓடைக்கரையில் புள்ளி வழிமறித்தாள்.

"என்ன காரி, பழையபடி முதுகுல ஏத்திட்டியா? இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?"

காரி பதில் சொல்வதற்குள் முதுகிலிருந்து ஒரு குரல் அதட்டியது.

"ம்மா, புத்து! ஊது!"

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு புள்ளி, வரட்டுமா?" என்று சொல்லிவிட்டு, காரி புற்றை நோக்கி நடந்தாள்.

நீதி: பிள்ளைக்கு முதல் பாடம், நம் வேலைக்கு நடுவே நாம் அதனோடு பேசும் பேச்சு.