சாம்பி மூச்சு விடும் வரை

நாகமுத்து புறப்படப்போகிறான் என்ற செய்தி மடத்தில் பழசாகிவிட்டது. வாசலில் ஆப்பிள் மரம் பூத்திருந்தபோது முதன்முதலாகச் சொன்னான். பூ உதிர்ந்தது, காய் பிடித்தது, காய் சிவந்தது, பாதியைக் குரங்குகள் தின்றும் தீர்த்தன. நாகமுத்து இன்னும் புறப்பட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த மடம் வடக்கே, பனிமலைகளின் அடிவாரத்தில் இருந்தது. தெற்கிலிருந்து யாத்திரை வருகிறவர்களுக்கு அங்கே சோறு உண்டு, படுக்கை உண்டு. மலை ஏறுகிறவர்களுக்குக் குதிரையும் உண்டு. மடத்துக்குத் தலைவி வெள்ளையம்மை. எல்லோரும் அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர்களோடு அளந்து பேசுவாள், குதிரைகளோடு கொஞ்சம் கூடுதலாகப் பேசுவாள்.

நாகமுத்து கடற்கரையில் பிறந்தவன். ஒரு புயலில் படகும் வீடும் போனபின், தங்கை செண்பகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாத்திரைக் கூட்டத்தோடு இங்கே வந்து சேர்ந்தான். அம்மைக்குச் சீடனானான். குதிரை மேய்த்தான், தண்ணீர் சுமந்தான், தங்கையை வளர்த்தான். மலைக்கு அப்பாலிருந்து கம்பளி விற்க வந்த ஒருவன் செண்பகத்தை விரும்பிக் கட்டிக்கொண்டு போனான். நல்லவன்தான். ஆனால் அவன் ஊர் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது.

வசந்தத்தில் அவள் சொல்லி அனுப்பிய வார்த்தை வந்தது.

"அண்ணே, முழுகாம இருக்கேன். பிள்ளைக்கு நீதான் சேனை வைக்கணும். இங்க எல்லாரும் பாசமாத்தான் இருக்காங்க. ஆனா தேனைத் தொட்டு நாக்குல வைக்க நம்ம வீட்டுக் கை வேணும்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுத் தேனை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். மடைப்பள்ளியில் சமைக்கிற சங்கிலி இதைக் கேட்டதிலிருந்து நாகமுத்துவை விடவில்லை.

"உன் குணம் வந்துச்சுன்னு வைச்சுக்க, அந்தப் பிள்ளை குப்புற விழுறதுக்கே ஒரு வருஷம் யோசிக்கும்."

நாகமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு நேரமும் இல்லை. மலைப்பாதை முழுவதையும் மடைப்பள்ளித் தரையில் சாம்பலால் வரைந்துகொண்டிருந்தான். காலையில் சங்கிலி அதைப் பெருக்கித் தள்ளுவான். மாலைக்குள் இன்னொரு மலை எழும்பியிருக்கும்.

வருகிற வழிப்போக்கரையெல்லாம் பிடித்து உட்கார வைத்துக் கேட்டான். ஆற்றுக்கு மேல் மரப்பாலம் இருக்கிறது என்றார் ஒருவர். போன வெள்ளத்தில் போய்விட்டது என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள், "எந்த ஆறு?" என்று கேட்டார். அன்று முழுவதும் நாகமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

கொண்டுபோக அவன் சேர்த்த சாமான் லாயத்தின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டது. கம்பளி, கம்பளி நனைந்தால் மாற்றுக் கம்பளி, கயிறு, கயிறு அறுந்தால் வேறு கயிறு. ஒரு மீன்வலைகூட இருந்தது. அதை எதற்கென்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அம்மை அந்த மூலையைக் கடந்து போவாள். பார்ப்பாள். குதிரைகளிடம் போய்விடுவாள்.

இலையுதிரும் காலத்தில் ஒரு காலை, கம்பளி வியாபாரி ஒருவர் கோவேறு கழுதைகளோடு திரும்பிப் போகும் வழியில் மடத்தில் இறங்கினார். செண்பகத்தின் ஊர்தான் அவருக்கும். கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார்.

"உன் தங்கச்சி நடக்கும்போதே இடுப்பைப் பிடிக்கிறா. அதிக நாள் இல்லை. மேலே முதல் பனி விழுந்தாச்சு. இந்தப் பிறை தேய்ஞ்சா கணவாய் மூடிடும், அப்புறம் வசந்தம்தான். நான் இப்பவே கிளம்புறேன். வர்றதா இருந்தா வா."

"இன்னைக்கா?" என்றான் நாகமுத்து.

வியாபாரி அவனையும் மூலையிலிருந்த சாமானையும் ஒரு முறை பார்த்தார். "கழுதைங்க மெதுவாத்தான் நடக்கும். ராத்தங்கலுக்கு, மேலே இருக்கிற புல்வெளியில கூடாரம் போடுவேன். புகை தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கழுதைகளின் மணிச்சத்தம் அடங்கும்வரை நாகமுத்து வாசலிலேயே நின்றான். பிறகு அம்மையைத் தேடிப் போனான். அவள் லாயத்தில் ஒரு குதிரையின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேள்."

"வழி முழுக்கத் தெரியாம எப்படிப் புறப்படுறது? கடல்ல நாங்க காத்தைப் பாப்போம், மேகத்தைப் பாப்போம். சரின்னு பட்டாத்தான் படகைத் தள்ளுவோம். இந்த மலை எனக்குச் சரின்னே பட மாட்டேங்குது."

அம்மை குளம்பைக் கீழே விட்டாள்.

"சாம்பிக்குச் சேணம் கட்டு."

சாம்பி சாம்பல் நிறத்துப் பெண்குதிரை. மலையில் நடந்து பழகியவள். யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள், ஆனால் தூங்கமாட்டாள். இத்தனை நாளும் நாகமுத்து அவளை மேய்த்திருக்கிறானே தவிர, ஏறியதில்லை.

அவன் சேணத்தை முதுகில் வைத்தான். வயிற்றைச் சுற்றி வாரைக் கொண்டுவந்து, காலை விலாவில் ஊன்றி, முகம் சிவக்க இழுத்தான். படகைக் கரையில் கட்டுகிற முடிச்சைப் போட்டான். புயலே வந்தாலும் அவிழாத முடிச்சு. அதில் அவனுக்குப் பெருமை உண்டு.

"கட்டியாச்சா?"

"இனி இது அசையாது அம்மை."

"ஏறி, அந்த வாதுமை மரம் வரை போய் வா."

ஏறினான். சாம்பி கொஞ்ச தூரம் நடந்தாள். நடக்க நடக்கச் சேணம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. நாகமுத்துவும் அதோடு சாய்ந்தான். தலை எங்கே கால் எங்கே என்று அவன் கண்டுபிடிப்பதற்குள் சேணம் குதிரையின் வயிற்றுக்கு அடியில் இருந்தது, அவன் சாணியில் இருந்தான். சாம்பி நின்று, கழுத்தைத் திருப்பி, அவன் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டாள்.

மடைப்பள்ளி ஜன்னலில் சங்கிலியின் தலை தெரிந்தது. "கணவாய் வந்துருச்சா நாகமுத்து?"

முடிச்சு அவிழவில்லை. அது சொன்ன சொல் தவறாத முடிச்சு. கடைசியில் அம்மை கத்தி கொண்டுவந்து வாரை அறுத்துத்தான் சேணத்தை எடுக்க வேண்டியிருந்தது.

அம்மை லாயத்துக்குள் போனாள். நேரமாயிற்று. திரும்பி வந்தபோது தோளில் ஒரு மூட்டையும் கையில் புது வாரும் இருந்தன. மூட்டையில் குதிரைத் தீனி என்று நாகமுத்து நினைத்துக்கொண்டான். அவள் இந்த முறை தானே கட்டினாள். இழுத்தால் அவிழ்கிற சுருக்கு.

"பாத்தியா," என்று சாம்பியின் வயிற்றைக் காட்டினாள். "வாரைக் கண்டதும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவா. வயிறு உப்பிக்கும். நீ உப்பின வயித்தைத்தான் கட்டினே."

"நான் இவளை என் பிள்ளை மாதிரி மேய்ச்சேன். என்கிட்டயே வஞ்சகம் பண்றாளே."

"வஞ்சகம் இல்லை. பயம்."

"அப்ப இன்னும் இறுக்கிக் கட்டினா?"

"இன்னும் மூச்சைப் பிடிப்பா."

"அவ மூச்சு விடுற வரைக்கும் இங்கயே நின்னா?"

"பொழுது சாயும். பிடிச்சுக்கிட்டே நிப்பா. எனக்குத் தெரியும், நானும் நின்னு பாத்திருக்கேன்."

"பின்னே எப்போதான் விடுவா?"

"நடந்தா விடுவா."

நாகமுத்து சட்டையிலிருந்த சாணியைத் தட்டினான். அவனுக்கு அது நியாயமாகப் படவில்லை. "படகு இப்படியெல்லாம் பண்ணாது அம்மை."

"படகு மூச்சு விடாது" என்றாள் அம்மை. கடிவாளத்தை அவன் கையில் கொடுத்தாள். "வா, நடக்க வைப்போம்."

நடந்தார்கள். வாதுமை மரத்தடியில் சாம்பி தும்மினாள். வார் தளர்ந்து தொங்கியது. அம்மை இறுக்கிக் காட்டி, மறுபடி நடந்தாள். மடத்து வேலி முடிந்தது. பாதை மேலே ஏறியது. நாகமுத்து சாம்பியின் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்ததில், எவ்வளவு தூரம் வந்தோம் என்று கவனிக்கவில்லை. ஓடையில் சாம்பி தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் திரும்பிப் பார்த்தான். மடத்தின் கூரைகூடத் தெரியவில்லை.

அம்மை ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

"பாலம் இருந்தாப் போயிடுவியா?"

"போயிடுவேன்."

"கல் சரிவு?"

"இறங்கி நடந்துக்குவேன்."

"பனி?"

"கம்பளி இருக்கு."

"அப்போ எது?"

சாம்பி உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நாகமுத்து ஓடையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"செண்பகம் பிறந்தன்னைக்கு நான் வாசல்ல நின்னேன் அம்மை. கையில தேன் கிண்ணம். மாமா வந்து சேனை வைப்பாரு, எடுத்துக் கொடுன்னு சொல்லி நிறுத்தியிருந்தாங்க. கதவைத் திறந்துக்கிட்டு மருத்துவச்சி வந்தா. தேனை வாங்கவே இல்லை. என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. எங்கம்மா போயிட்டா."

அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்து ஓடையில் போட்டான்.

"அந்தக் கலவரத்துல செண்பகத்துக்கு யாருமே சேனை வைக்கலை. மறந்துட்டாங்க. அது அவளுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். அதனாலதான் என்னைக் கூப்பிடுறா."

"ம்."

"நான் போகாத வரைக்கும் அங்க ஒண்ணும் ஆகலைன்னு இருந்துக்கலாம். போனா, அவங்க வீட்டு வாசல்ல தேனோட நிக்கணும். கதவு திறக்கிற வரைக்கும் நிக்கணும்."

அதைச் சொல்லி முடித்ததும் அவன் தோள்கள் தாழ்ந்தன. நெஞ்சுக்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. அவ்வளவு காற்று உள்ளே இருந்தது அவனுக்கே தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுதிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மை எழுந்து அவன் அருகில் வந்தாள்.

"இப்போ இறுக்கு" என்றாள்.

அவன் வாரைப் பிடித்து இழுத்தான். எளிதாக வந்தது. அம்மை காட்டிய சுருக்கைப் போட்டான். சேணத்தை அசைத்துப் பார்த்தான். அது குதிரையோடு சேர்ந்து அசைந்தது.

அம்மை மூட்டையைச் சேணத்தின் பின்னால் வைத்துக் கட்டினாள்.

"இது தீனிதானே?"

"பாதி தீனி. கம்பளி ஒண்ணு. சத்துமாவு. சங்கிலி மூடி கட்டிக் கொடுத்த தேன் சொப்பு."

"அம்மை, என் சாமானெல்லாம் லாயத்துல கிடக்கு."

"அதைச் சுமக்க ஒரு மாட்டுவண்டி வேணும். மலையில வண்டி போகாது."

"வலையாவது..."

"வலையை நான் ஆப்பிள் மரத்துக்குப் போட்டுக்கிறேன். குரங்குக்கு ஆகும்."

நாகமுத்து மேலே பார்த்தான். பாதை ஓடையைத் தாண்டி ஒரு திருப்பம் வரை தெரிந்தது. அதற்குமேல் மலைதான். வெகு உயரத்தில், புல்வெளி இருக்கும் பக்கத்தில், மெல்லியதாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. கழுதைகள் உண்மையிலேயே மெதுவாகத்தான் நடந்திருக்கின்றன.

"இன்னைக்கே போகச் சொல்றீங்களா?"

"அந்தத் திருப்பம் வரை போய்ப் பாரு."

அவன் குனிந்து அவள் காலைத் தொட்டான். ஏறி உட்கார்ந்தான். சாம்பி ஓடையைக் கடந்து, யாரும் சொல்லாமலே மேட்டில் ஏறத் தொடங்கினாள். அம்மை அங்கேயே நின்றாள்.

திருப்பத்தில் குதிரை நின்றது. நாகமுத்து திரும்பினான். கையை வாயருகே குவித்துக் கத்தினான்.

"அம்மை, நான் போறதுக்குள்ள பிள்ளை பிறந்துட்டா?"

அம்மையின் குரல் ஓடைச் சத்தத்துக்கு மேலே தெளிவாகப் போயிற்று.

"முதல்ல அது மூச்சு விடட்டும். தேன் அப்புறம். சேணம் சாயுது பாரு, இறங்கி இறுக்கிக்கிட்டுப் போ."