மெத்தை போட்ட வண்டி

"இன்னும் ஆடுது அம்மிணி" என்றார் பொங்கியண்ணன்.

சபியா வண்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எதுங்கண்ணா ஆடுது?"

"வண்டிதான். பின்னாடி."

பவானியிலிருந்து அந்தியூர் போகிற ரோட்டில் சபியாவுக்கு ஸ்பிரிங் பட்டறை. பக்கத்துக் கடை என்னுடையது. டயர், வீல், காற்று. அவள் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டுமென்றால் நான் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும், அப்படி ஒரு பிழைப்பு.

என்னிடம் வருகிறவர்கள் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அவளிடம் வருகிறவர்கள் வேலை முடிந்தும் போக மாட்டார்கள். வீட்டுச் சண்டை, பொண்ணு கல்யாணம் என்று எதையாவது கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவளுக்கு நாற்பது வயசுதான் இருக்கும். அதிகம் பேசவும் மாட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

பொங்கியண்ணனுடையது ஒரு குட்டியானை. தேங்காய் பாரம் அடிக்கிற சின்ன லோடு வண்டி.

இன்னும் கூட ஏற்றணும், பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துப் போடு என்று ஒரு காலத்தில் ஒற்றைக்காலில் நின்ற மனுசன் அவர். வேண்டாங்கண்ணா என்று சபியா சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. போட்டுக் கொடுத்தாள். வண்டி கல்லு மாதிரி ஆகிவிட்டது. பாரம் இருக்கிறவரைக்கும் ஒன்றும் தெரியாது. காலியாக ஓட்டினால் சின்னப் பள்ளத்துக்கே தூக்கிப் போடும்.

அப்புறம் அவர் சம்சாரம் ராமாயிக்கு முதுகெலும்பில் கட்டி வந்தது.

கட்டியைக் கருக்கக் கரண்டு வைக்க தினம் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். உட்கார முடியாது, படுத்துக்கொண்டுதான் போகணும். ஆம்புலன்ஸ் வேண்டவே வேண்டாம் என்று அந்தம்மா சொல்லிவிட்டது. அது கத்திக்கொண்டு தெருவுக்குள் வந்தால், நான் போய்விட்டேன் என்று சனம் அழ ஆரம்பித்துவிடும் என்றது. நோவிலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னதாம்.

சரி, நம்ம வண்டியிலேயே போவோம் என்று இங்கே கொண்டுவந்து நிறுத்தினார் பொங்கியண்ணன்.

சேர்த்த பட்டையைச் சபியா எடுத்தாள். கூடவே இன்னொரு பட்டையையும் எடுத்து ஸ்பிரிங்கை மெதுவாக்கினாள். ஷாக் அப்சர்பர் புதுசாகப் போட்டாள். நான் அகலமான டயர் மாட்டி, காற்றைக் குறைத்து வைத்தேன். காலி வண்டி துள்ளக் கூடாதென்று தரை முழுக்க மணல் மூட்டை அடுக்கினோம். அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. அதுக்குமேல் தார்ப்பாய்க் கூரை.

கடைசியாக, கேபினுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஜன்னல் கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். ராமாயி முனகினால் எனக்குக் கேட்கணும் என்றார்.

போகும்போதும் வரும்போதும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். நடக்கிறவனே அந்த வண்டியை முந்திவிடுவான். அத்தனை மெதுவு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் திரும்பி, வலிக்குதா, ஆடுதா என்று கேட்பார்.

"ஆட்டமே இல்லை மாமா. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

நானே எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். நம்ம வேலை சுத்தம் என்று எனக்கு ஒரே பெருமை.

மாசி மாசம் அந்தம்மா இறந்துபோச்சு.

காரியம் முடிந்து அவர் வண்டியோடு வந்தபோது, மெத்தையைத் தூக்கிவிட்டுப் பழையபடி பாரத்துக்கு ஆக்கச் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னடாவென்றால், பின்னாடி ஆடுது, பாருங்க என்றார்.

ஸ்பிரிங்கில் ரப்பர் புஷ் மாற்றினோம். ஆடுது என்றார். ஷாக் அப்சர்பரை மறுபடி மாற்றினோம். ஆடுது. வீல் பேலன்ஸ் பண்ணி, வேற டயர் போட்டுப் பார்த்தேன். அப்பவும் ஆடுது.

மெத்தையில் மட்டும் யாரையும் கை வைக்க விடமாட்டார். தேங்காய் மண்டிக்காரர்கள் வேற வண்டி பிடித்துக்கொண்டார்கள். மனுசன் துரும்பாய்ப் போனார்.

வித்துப்போட்டு வேற வண்டி எடுங்க என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது.

அன்றைக்கும் வந்து அதே பல்லவிதான். எனக்குப் பொறுக்கவில்லை.

"பின்னாடி யாருங்க இருக்கறா? யாருக்கு ஆடுது?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட நிமிசமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டறை வாசலில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. சபியாவிடம்தான் பேசினார்.

"குளிப்பாட்டுன பொம்பளைங்க சொன்னாங்க அம்மிணி. கீழ் உதட்டுல, உள்பக்கம் பூராவும் பல்லுப் பட்ட காயமாம்."

சபியா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"வலிச்சுதா இல்லையா? எனக்கு அது தெரியோணும். நீ செஞ்ச வண்டிதானே, நீ சொல்லு."

நான் அவர் தலைக்குப் பின்னால் நின்று சபியாவுக்குக் கண்ஜாடை காட்டினேன். வலித்திருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயேன், என்ன குறைந்துவிடும். செத்தவளா வந்து சாட்சி சொல்லப் போகிறாள்.

அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்தாள்.

"சாவியைக் குடுங்கண்ணா."

கொடுத்தார்.

"ஏறிப் படுங்க."

பொங்கியண்ணன் எழுந்து நின்றாரே தவிர, நகரவில்லை. அந்த மெத்தையில் அவர் அதுவரைக்கும் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சபியா அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கழித்து அவராகவே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மெத்தையின் ஓரமாக, இன்னொருத்தருக்கும் இடம் விட்டுப் படுத்தார்.

நான் சபியாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். கேபினுக்குள் பின்னால் பார்க்கிற கண்ணாடியை அவர் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.

சபியா வண்டி ஓட்டினால் நான் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். அத்தனை வேகம். அன்றைக்கு அவர் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினாள். அவர் ஈரோட்டுக்குப் போன அதே வாய்க்கால் ரோடு. அதே நடை. லாரிக்காரர்கள் பின்னாலிருந்து ஆரன் அடித்துவிட்டு, திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

முதல் பள்ளம். ஒதுக்கித்தான் இறக்கினாள், அப்படியும் தட்டியது.

"வலிக்குதுங்களாண்ணா?"



வேகத்தடை. இரண்டு பக்கமும் பெயர்ந்துபோன தார். வாய்க்கால் பாலம் வரைக்கும் ரோடு ரோடாகவே இல்லை. சபியா ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். நெற்றியெல்லாம் வேர்வை. அவள் நடிக்கிற ஆள் இல்லை. பின்னால் ஒரு உசிரைப் படுக்க வைத்துக்கொண்டு ஓட்டினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

பாலம் இறங்குகிற இடத்தில் அகலமாக ஒரு குழி. ஒதுக்க வழியே இல்லை. அவள் வண்டியை நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, மெல்ல இறக்கினாள்.

எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. பல்லோடு பல் மோதியது. குஷன் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்த அடி.

பின்னால் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழும்பி, வெளியே வராமலேயே நின்றது.

சபியா வண்டியை நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பினாள். கண்ணாடி இல்லாத அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். கொலை செய்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

"அண்ணா, வலிச்சுருச்சுங்களா?"

பொங்கியண்ணன் படுத்தபடியே அந்த முகத்தைப் பார்த்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்திருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"ஆட்டமே இல்லை அம்மிணி. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. ராமாயி தினம் சொன்ன அதே பதில்.

அப்படியே மேலே தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சபியா இஞ்சினை அணைத்தாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம், பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் கையை வைத்தார்.

"அடிப்பாவி ராமாயி" என்றார்.