ஆறவைத்த பழி

தணிகாசலம் சமையற்கட்டுக்குள் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, வந்துட்டான்! கந்தப்பன் வந்துட்டான்! முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருக்கான்!"

மடத்தை நடத்தும் சிவகாமியம்மை ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையிடம் சீடராகச் சேர்ந்த நாள்முதல் மடத்துப் பந்தி அவர் பொறுப்பு.

"யாரு வாத்தியாரே கந்தப்பன்?"

"எங்க ஊர்ப் பெரிய மனுஷன். அவன் மகள் கல்யாணத்துல, சாம்பார் ஊத்திப் பிசைஞ்ச கையோட என்னை இலையிலேர்ந்து எழுப்பினான். சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு இடம் வேணுமாம். ஊரே பார்த்துச்சு."

இலையில் உட்கார்ந்தவனை எழுப்புவதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம். பாவம், மனுஷர் தாங்கியிருப்பார்.

"சரி, என்ன செய்யப் போறீங்க?"

"நல்லா பிசையட்டும். முதல் கவளத்தை எடுக்கட்டும். அப்பப் போய், 'எழுந்திரு, இது அடியார்களுக்கான இடம்'னு சொல்லப் போறேன்! வெள்ளைக்காரன் சொல்லியிருக்கான்மா, பழிங்கிறது ஆறவெச்சுப் பரிமாற வேண்டிய பதார்த்தம்னு. கோபம் கொதிக்கிறப்ப சண்டைக்குப் போறவனைப் பத்தி அப்படிச் சொல்லக் கூடாது. வருஷக்கணக்கா காத்திருந்து, எதிராளி மறந்துபோன நேரத்துல அடிக்கிறான் பாருங்க, அவனுக்குத்தான் அந்தப் பழமொழி. பிள்ளைங்களுக்கு எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! உதாரணம் இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கு!"

"உங்க வெள்ளைக்காரன் நம்ம பந்தியில ஆறின ரசத்தை ஊத்திப் பார்த்திருக்கணும்" என்று அம்மை சிரித்தார். அடுப்பைத் தணித்துவிட்டு ஓர் இலையை எடுத்துக்கொண்டார். "வாங்க."

கூடத்தில், கந்தப்பனுக்குப் பக்கத்தில் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"உட்காருங்க வாத்தியாரே."

கந்தப்பன் நிமிர்ந்து பார்த்தார். ஆளைத் தெரியவில்லை. யாரோ பெரியவர் என்று நினைத்து, சற்று நகர்ந்து இடம் விட்டார்.

தணிகாசலம் இரண்டடி பின்வாங்கினார். வந்த வேகமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"என்னால முடியாதும்மா" என்றார், அம்மைக்கு மட்டும் கேட்கும்படி. "அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் நான் எந்தப் பந்தியிலயும் உட்கார்ந்ததில்லை. என் சொந்த மகன் கல்யாணத்துலகூட வாளியைத் தூக்கிக்கிட்டுப் பரிமாறத்தான் செஞ்சேன்."

அம்மை தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அவர் உங்களை எழுப்பினது ஒரே ஒரு இலையிலேர்ந்து. மத்த இலையிலேர்ந்தெல்லாம் எழுப்பினது யாரு வாத்தியாரே?"