தப்பாக எழுதிய ஒரு சொல்

கோயம்புத்தூரில், பால் குளிரூட்டும் நிலையங்களுக்கென்றே ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யும் நிறுவனம் இருந்தது. கணினி எழுந்ததும் தகவல் சேமிக்கும் வட்டைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும் பகுதியை, மவுண்ட் என்பார்களே அதை, ஆரம்பத்தில் எழுதியவர் நாச்சிமுத்து. அந்தப் பழைய நிரலைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது வேலை அவருக்கு வரவில்லை. புதிதாகச் சேர்ந்த கோமதிநாயகத்துக்குப் போனது.

பிரிவின் தலைவி ஹமீதா விதித்த நிபந்தனை ஒன்றுதான். "உள்ளே என்ன வேணும்னாலும் மாத்துங்க. ஆனா இன்னைக்கு ஓடுற மெஷின் நாளைக்கும் அதே மாதிரி ஓடணும். நிலையங்களுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

கோமதிநாயகத்தின் புது நிரலை எல்லோரும் மெச்சினார்கள். ஒவ்வொரு பாராட்டும் நாச்சிமுத்துவின் நெஞ்சில் தைத்தது. சரிபார்க்கும் பொறுப்பு அவருடையது. குறை தேடியே வரி வரியாகப் படித்தார். கிடைத்தது.

காங்கேயம் பக்கத்து நிலையம் ஒன்றில், வட்டை இணைக்கும் கட்டளையில், 'படிக்க மட்டும்' என்பதற்கான சொல்லை யாரோ தப்பாக எழுதியிருந்தார்கள். பழைய நிரல் புரியாத சொல்லைக் கண்டால் பேசாமல் தாண்டிவிடும். ஆகவே அந்த வட்டில் எழுதவும் முடிந்தது. தொட்டியின் வெப்பநிலையை அதில் எழுதி எழுதித்தான் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. புதிய நிரலோ புரியாத சொல்லைக் கண்டதும் வட்டை இணைக்கவே மறுத்தது.

கோமதிநாயகத்தைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாச்சிமுத்து சொல்லவில்லை. தானே ஒரு மாற்று நிரல் எழுதி வைத்துக்கொண்டு, எல்லோரும் கூடிய கூட்டத்தில் எழுந்தார்.

"இவரோடது மெஷினையே நிறுத்திப்போடுமுங்க மேடம். என்னோடது எழுத்துப் பிழையைக்கூடப் புரிஞ்சுக்கும். அவங்க கேட்டது படிக்க மட்டும். அதையே குடுக்கும்."

கோமதிநாயகத்தின் முகம் சுண்டியதைப் பார்க்க அவருக்கு இனித்தது. அந்த நிலையத்தில் இருப்பதைப் போலவே அமைத்த சோதனைக் கணினியில் ஓட்டிக் காட்டினார். வட்டு இணைந்தது. ஆனால் வெப்பநிலையை எழுத முடியாமல் குளிரூட்டி நின்றுபோனது.

"பழையபடி அந்தச் சொல்லைத் தாண்டியே போகட்டும்," என்றார் கோமதிநாயகம் மெதுவாக. "தப்பு இருக்குன்னு ஒரு எச்சரிக்கையை மட்டும் பதிஞ்சு வைப்போம்."

"தப்புன்னு தெரிஞ்சும் விடறதுங்களா? முதல்ல மறுத்தது நீங்கதான?" என்று மடக்கினார் நாச்சிமுத்து.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மறுப்பதா, கட்டளையை எழுதியவர் நினைத்தபடி செய்வதா, தாண்டிப் போவதா? இவற்றில் ஹமீதாவின் வாக்கைக் காப்பது எது?

விடை: தாண்டிப் போவதுதான். கட்டளையில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பற்றியதல்ல அந்த வாக்கு. மெஷின் இதுவரை எப்படி நடந்துகொண்டது என்பதைப் பற்றியது. மறுத்தாலும் பால் திரியும், நினைத்தபடி செய்தாலும் திரியும். எச்சரிக்கையைப் பார்த்து நிலையத்தார் அந்தச் சொல்லைத் தாங்களே எடுத்துவிடலாம். ஹமீதா அப்படியே முடிவு செய்தார். நாச்சிமுத்துவும் ஒப்புதல் கொடுத்தார். ஆனால், பிழையைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று கோமதிநாயகம் எல்லோர் முன்னும் நன்றி சொன்னபோது, நாச்சிமுத்துவுக்கு முன்பைவிட அதிகமாக எரிந்தது.