மடியில் தூங்கிய பிள்ளை

முகூர்த்த நாள். டவுன் பஸ்ஸில் மூச்சு முட்டும் கூட்டம். வெள்ளைச்சாமி, ஊருக்குப் பாதை பிரியும் கரிசல்பட்டி விலக்கில் இறங்க வேண்டியவர். தங்கை மகளுக்கு அன்றைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மூத்தவர் என்பதால் அந்த உரிமை அவருக்கு. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பிள்ளை தம்பி வேலுச்சாமியின் மடிக்குப் போய்விடும். வரப்புத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட தம்பி. அவன் மடியிலா? விடவே கூடாது என்று காலையிலேயே குளித்துக் கிளம்பியிருந்தார்.

வழியில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு ஏறினாள். வெள்ளைச்சாமி இடம் கொடுக்க எழுந்தார். ஜன்னலோரம் யாரோ ஓர் ஆள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார அவளுக்குக் கூச்சம்.

“நீங்க உக்காருங்கண்ணே. இவனை மட்டும் மடியில வச்சுக்கிடுங்க.”

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய கூட்டம் அவளை முன்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கினான். அவள் அவ்வப்போது தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பாள். வெள்ளைச்சாமியின் முகம் தெரிந்ததும் திரும்பிக்கொள்வாள்.

பின்னால் ஏறியவர்களில் ஆரோக்கியம் என்பவர், காலில் கட்டோடு, வெள்ளைச்சாமியின் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவந்தார்.

விலக்கு வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். “ஏம்மா, ஏ தாயீ!” என்று வெள்ளைச்சாமி கத்திப் பார்த்தார். பஸ்ஸில் அலறிய பாட்டுச் சத்தத்தில் அது எடுபடவில்லை. நடுவில் ஆட்கள் சுவர் மாதிரி. தூங்குகிற பிள்ளையைத் தலைக்கு மேலே கைமாற்றி அனுப்பவும் மனம் வரவில்லை.

ஆரோக்கியம் கையை நீட்டினார். “நீங்க எறங்குங்கண்ணே. பிள்ளையை நான் வச்சுக்கிடுறேன்.”

வெள்ளைச்சாமி பிள்ளையை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னய்யா, எறங்குறியா, இல்ல தொட்டில் கட்டித் தரணுமா?” என்றார் கண்டக்டர். நாலு பேர் சிரித்தார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

ஆரோக்கியத்தின் முகம் கறுத்தது. “என்னையப் பாத்தா பிள்ளை பிடிக்கிறவன் மாதிரியா இருக்கு? இல்ல, உங்க எடத்துக்கு ஆசைப்பட்டுக் கேட்டேன்னு நெனச்சீகளா?”

வெள்ளைச்சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஊரில் கூட்டம் இறங்கியது. தாய் வந்து பிள்ளையை வாங்கினாள். ஆரோக்கியம் நடந்ததைச் சொல்லக் கேட்டுப் பதறிப்போனாள். “அய்யோ, இந்த அண்ணன்கிட்டக் குடுத்துட்டு எறங்கியிருக்கலாமே! நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே!”

வெள்ளைச்சாமி ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சிவந்த காதோடு தங்கை மகள் வேலுச்சாமியின் மடியில் உட்கார்ந்து சர்க்கரையை நக்கிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைக் கொடுக்க மறுத்தவர், அதற்குக் கோபப்பட்டவர், கொடுத்திருக்கலாமே என்ற தாய். மூவரில் நியாயம் யார் பக்கம்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: இருக்கை வெள்ளைச்சாமியுடையது. அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பிள்ளை அப்படி இல்லை. முன்னால் நின்றவளுக்கு மடியில் கிடந்த பிள்ளை தெரியாது, அவர் முகம் மட்டும்தான் தெரியும். அந்த முகம் இருந்த இடத்தில் வேறு முகத்தைக் கண்டிருந்தால் அவள் உயிர் என்ன பாடுபட்டிருக்கும்? அவள் சொன்னது, பிள்ளை பத்திரமாகக் கைக்கு வந்தபிறகு சொன்ன பேச்சு. ஆகவே கொடுக்காதது சரி. ஆனால் ஆரோக்கியத்தின் கோபமும் நியாயமானதுதான். உதவ வந்தவருக்கு வெள்ளைச்சாமி காட்டியது திருப்பிய முகம். “அந்தத் தாயி என்னை நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கு தம்பி, கேக்காம எப்படிக் குடுக்க?” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கட்டுப்போட்ட காலோடு அவர் கடைசி நிறுத்தம்வரைகூட முகம் கோணாமல் நின்றே வந்திருப்பார்.